மாதிரி அறை

புதுப் பலகையில் அந்த நாற்றம் வர வழியே இல்லை. காயாத சுவரின் ஈரம், பினாயில், பழைய கம்பளி மூன்றும் கலந்த சிறை நாற்றம். ஒட்டுப்பலகை நேற்றுதான் கடையிலிருந்து வந்தது. தச்சர் அறுத்த மரத்தூள்கூட இன்னும் மண்டபத்து மூலையில் குவிந்து கிடக்கிறது. அவன் குனிந்து உள்ளே மோந்து பார்த்தான்.

"அக்கா, உனக்கு ஏதாவது வாடை வருதா?"

"பெயின்ட் வாடைதான். காலையிலேருந்து பச்சத் தண்ணி குடிக்கல, அதான் உனக்கு என்னென்னமோ வருது."

தனிக்கொட்டடியில் அவனைப் போட்டு வைத்திருந்த காலமெல்லாம் சிறை வாசலுக்கு நடையாய் நடந்தவள் அவள். வெளியே வந்தபிறகு, அந்த அறைகளை மூட வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசுகிறான். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம். கேட்பவர்கள் உச்சுக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் அதே அளவில் ஒரு மாதிரி அறையே கட்டிவிட்டான். ஜன்னல் கிடையாது, கதவில் தட்டு நுழையும் துவாரம் மட்டும். சிறைகளைப் பற்றிய விசாரணைக் குழுவின் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி, இன்று இதற்குள் சற்று நேரம் உட்கார ஒத்துக்கொண்டிருக்கிறார். மூடச் சொல்லி அவர் எழுதினால் மூடுவார்கள். இப்போதும் உள்ளே ஆட்கள் இருக்கிறார்கள்.

நீதிபதி தனியாகத்தான் வந்தார். எட்டிப் பார்த்துச் சிரித்தார். "எங்க வீட்டு ஸ்டோர் ரூமே இதவிடப் பெருசு. நான் தூங்கிட்டா எழுப்பி விடுங்க."

"ஒரு மாதிரி இருந்தா கதவத் தட்டுங்க சார். உடனே திறந்துடுறேன்."

தாழ்ப்பாளை அவனே போட்டான்.

முதலில் செருப்பு தேயும் சத்தம், ஓர் இருமல். வெளியே சாலையில் பிற்பகல் வண்டிகளின் இரைச்சல், தலைக்கு மேலே மின்விசிறியின் முனகல், அதற்கெல்லாம் அடியில் பலகைக்குள்ளிருந்து யாரோ நகத்தால் சுரண்டுவதுபோல ஒரு சன்னமான ஓசை. பிறகு பேச்சு. தாழ்ந்த குரலில், நிறுத்தி நிறுத்தி, யாருக்கோ பதில் சொல்வதைப்போல.

"ஃபோன்ல பேசுறாரோ?" என்றாள் அக்கா.

அவர் ஃபோன் மேசைமேல் இருந்தது.

அவன் கதவுக்கு ஓடினான். தாழ்ப்பாளை இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். வந்தது.

நீதிபதி சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். நெற்றி சுவரில். கைகள் முதுகுக்குப் பின்னால். சிறையில் சாப்பாடு வரும்போது அப்படித்தான் நிற்க வேண்டும். திரும்பினால் தட்டு போய்விடும். அந்த அவமானத்தை அவன் எந்த மேடையிலும் சொன்னதில்லை. அக்காவிடம்கூட.

"சார், வெளிய வாங்க."

"திரும்பக் கூடாதாம்."

"யார் சொன்னா?"

"உங்ககூட இருந்தவர்தான்." குரலில் அப்படி ஒரு பணிவு. "நீங்க போனதிலேருந்து அவருக்குத் துணையே இல்லையாம். அந்த ரூமையும் மூடிட்டா அவர் எங்க போவாரு? இருக்கட்டும்னு எழுதிடுறேன்னு சொல்லிட்டேன்."

அவனுடன் யாரும் இருந்ததில்லை. அது தனிக்கொட்டடி.

"எழுதாதீங்க சார்!" பாய்ந்து போய் அவர் தோளைப் பற்றினான். தோளில் ஈரச் சுவரின் சில்லிப்பு. அவர் திரும்பவில்லை. கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டார்.

ஓர் ஆள் நிற்கும் இடம்.

அவன் கைகள் தாமாகவே பின்னால் போயின.

"தம்பி! வெளிய வாடா!"

கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான். அக்கா வெளியே காலை ஊன்றி, இரண்டு கைகளாலும் கதவை மூடவிடாமல் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அப்படியும் கதவு மெல்ல மூடிக்கொண்டிருந்தது.