உங்களுக்கு அச்சம் இல்லை

அன்னக்கொடியின் இடுப்பு காலை பத்து மணிக்கே கழன்றுவிட்டது. ஐம்பது கிலோ மூட்டை, இருபத்தாறாவது நடை. குனிந்தால் ஒரு வலி, நிமிர்ந்தால் வேறொரு வலி. எது தேவலை என்று பார்க்க அவள் தூணில் சாய்ந்தபோது அலுவலகப் பக்கம் கண்ணாடி நொறுங்கியது.

பால்துரை. போன வாரம் வரை இதே சரக்குக் கிட்டங்கியில் பளுதூக்கி வண்டி ஓட்டியவன். மேலாளர் ஜெபசிங் அவனை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். இப்போது கையில் அரிவாள்.

“எங்கல அந்த ஜெபசிங்கு?”

அலுவலகத்தில் ஜெபசிங்கையும் சேர்த்து இருந்த நான்கு பேரின் மணிக்கட்டிலும் அச்சமானி சிவந்தது. நாடி எகிறியதையும் தோல் வியர்த்ததையும் அது கட்டிடத்துக்குச் சொன்னது. கட்டிடம் அடைக்கல அறையைத் திறந்து, நால்வரையும் உள்ளே வாங்கி, எஃகுக் கதவை மூடிக்கொண்டது. தூத்துக்குடித் துறைமுகச் சாலையில் அச்சமானி இல்லாத வேலையிடமே இப்போது கிடையாது. வெட்டுக்குத்து என்று வந்தால் யாரும் யோசிக்க வேண்டாம், பயந்தால் போதும்.

அந்த நேரம் உள்ளே இருந்த சுமையாட்கள் அன்னக்கொடி, இசக்கிமுத்து, மரியசெல்வி மூவரும் ஓடிப் போய் அதே கதவில் மணிக்கட்டை வைத்தார்கள்.

“உங்களுக்கு அச்சம் இல்லை,” என்றது கதவு, இனிமையான குரலில். “பணியைத் தொடருங்கள்.”

“இல்லியாம்லா!” மரியசெல்வி கதவைக் குத்தினாள். “ஈரக்கொலை நடுங்குது, இது என்னத்தச் சொல்லுது எக்கா?”

கதவு பொய் சொல்லவில்லை, அதற்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னது. கருவி வந்த புதிதில் சுமையாட்களின் அச்சமானி ஒரு நாளைக்கு நாற்பது தடவை சிவந்தது. மூட்டை தூக்குகிறவனுக்கு நாடி எகிறும், வியர்வை கொட்டும், மூச்சு இரைக்கும். இயந்திரத்துக்கு அதுவும் பயம்தான். நாற்பது தடவையும் வேலை நின்றது. நிறுவனம் ஒரு வரி சேர்த்தது: சுமையாட்களின் உடம்பில் தெரிவது எல்லாம் உழைப்பு. அன்று முதல் அவர்களுக்குப் பயமே வரவில்லை.

“வெலகுங்க!” பால்துரை வந்துவிட்டான். வீசிய அரிவாள் மரியசெல்வியின் முன்கையைக் கிழித்தது. அவன் அவளைப் பார்க்கக்கூட இல்லை. எஃகில் நாலு போடு போட்டான், அசையவில்லை. கடப்பாரை தேடி மூட்டை அடுக்குப் பக்கம் போனான்.

எதிரே லாரி மேடைக்குப் போகும் பாரக் கதவு. எடை பார்க்கும் தரைத்தட்டில் ஏறி “பாரம்!” என்று குரல் கொடுத்தால் திறக்கும், ஆனால் தோளில் சுமை இருக்க வேண்டும். வெறுந்தோளோடு யாரும் டீ குடிக்கப் போய்விடக் கூடாது என்று அப்படிச் செய்திருந்தார்கள்.

“மூட்டை எல்லாம் அவன் நிக்கிற பக்கம்லா கெடக்கு,” என்றான் இசக்கிமுத்து.

“மூட்டை எதுக்குல? இவளத் தூக்கு,” என்றாள் அன்னக்கொடி.

அவன் ஒரு நொடி முழித்தான். பிறகு மரியசெல்வியைத் தோளில் போட்டுக்கொண்டு தட்டில் ஏறினான்.

“பாரம்!”

கதவு திறந்து, அவர்களை விட்டு, மூடியது. அன்னக்கொடிக்குத் தூக்க ஆள் இல்லை. பாரக் கதவின் ஓரத்தில் ஒண்டினாள்.

அப்போது கூரையிலிருந்து அந்த இனிய குரல் வந்தது: “ஆபத்து நீங்கியது.”

வெளியே இருப்பவர்களிடம் கொஞ்ச நேரம் பயம் இல்லையென்றால் வெட்ட வந்தவன் போய்விட்டான் என்பது இயந்திரத்தின் முடிவு. வெளியே இருந்தது அன்னக்கொடி மட்டும். அவளுக்குத்தான் பயம் வராதே! அடைக்கல அறை திறந்தது. ஜெபசிங் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முதலில் வந்தார். கடப்பாரையோடு திரும்பிய பால்துரையைக் கண்டதும் பின்னால் வந்த மூவரும் உள்ளே பாய்ந்தார்கள். கதவு அவர் முதுகுக்குப் பின்னால் மூடியது. அவர் அன்னக்கொடியை நோக்கி ஓடி வந்தார்.

“ஏறும்!” என்றாள் அவள்.

“என்னது?”

“முதுகுல ஏறும்யா! பேச்சு என்ன பேச்சு!”

எண்பத்தொரு கிலோ. இடுப்பில் ஏதோ ‘மளுக்’கென்றது.

“பாரம்!”

கதவு இருவரையும் விட்டு மூடியது. பால்துரை பின்னாலேயே வந்து தட்டில் குதித்தான். அரிவாளும் கடப்பாரையும் சேர்ந்து எட்டுக் கிலோ தேறாது. கதவு அவனுக்குத் திறக்கவில்லை. போலீஸ் வரும்வரை அதை வெட்டிக்கொண்டிருந்தான்.

மரியசெல்விக்குப் பதினொரு தையல். நான்காம் நாள் ஜெபசிங் எல்லாரையும் கூட்டி, கண்ணாடி போட்ட சான்றிதழ் ஒன்றை அன்னக்கொடியிடம் நீட்டினார். ‘அச்சமற்ற ஊழியர்’ என்று பொன் எழுத்து.

அவள் வாங்கவில்லை. “எனக்குப் பயம் இருந்துச்சு சார்.”

“அதனால என்ன, பாராட்டுதானே.”

“பாராட்ட நீங்களே மாட்டிக்கோங்க. அந்த ஒரு வரிய எடுங்க. எங்க பயத்தையும் கணக்குல எடுக்கச் சொல்லுங்க.”

“அன்னக்கொடி, புரிஞ்சுக்கோ. எடுத்தா ஒரு நாளைக்கு நாப்பது தடவை வேலை நிக்கும்.”

“நிக்கட்டும்.”

“மேலே கேக்கணும்...”

“கேளுங்க. என் முதுகுல ஏறும்போது யாரக் கேட்டீரு?”

பின்னால் யாரோ சிரித்தார்கள். இசக்கிமுத்து தன் அச்சமானியைக் கழற்றி மேசையில் போட்டான். மரியசெல்வி ஒரு கையால் முடியாமல் பல்லால் கடித்துக் கழற்றினாள். மாலைக்குள் முப்பத்திரண்டு சேர்ந்தன. மூட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

அன்றைய தாக்குதலைப் பற்றி நிறுவனத்தின் பதிவில் இருப்பது இரண்டே வரி: வெளியேறிய சரக்கு, நாற்பத்தெட்டு கிலோ. வெளியேறிய சரக்கு, எண்பத்தொரு கிலோ.

பயந்தால் திறக்கிற கதவு ஒன்று, கிட்டங்கி மரியசெல்விக்குத் தர வேண்டிய பாக்கி. இன்னும் தரவில்லை.