சிங்கம் அக்காவின் குரலில் கூப்பிடும்

ரொறன்ரோவில் நவம்பர் மாதத்துக் காற்று சாதாரணக் காற்று அல்ல. ஒருமுறை பார்க்டேலில் ஒருவர் தும்மினார். அந்தத் தும்மல் காற்றில் ஏறி, நகரத்தைக் கடந்து, பிக்கரிங்கில் போய் இறங்கியது. அங்கே ரயிலுக்குக் காத்து நின்ற ஓர் அம்மா, தும்மியது யாரென்று தெரியாமலே, “நூறு வயசு!” என்று வாழ்த்தினார். சந்தேகம் இருந்தால் அந்த அம்மாவையே கேட்டுப் பாருங்கள்.

அப்படிப்பட்ட காற்றில்தான் செலீன் வீட்டார் மெழுகுதிரி ஏற்றப் போனார்கள்.

செலீனுக்குப் பத்து வயது. சென் ஜேம்ஸ் ரவுணில், மேகத்துக்கு ஒரு மாடி கீழே, அப்பா அம்மாவுடன் இருக்கிறாள். தம்பி நிசாந்தனுக்கு ஆறு வயது. நவம்பர் இரண்டாம் தேதி, இறந்தவர்களுக்காகச் செபிக்கும் நாள். அன்று எல்லோரும் சேமக்காலைக்குப் போவார்கள். கல்லறைகள் இருக்கும் தோட்டத்தை அவர்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். மாக்கஸ் பெரியப்பாவின் கல்லறை அங்கே இருந்தது.

அன்று ஒரு பிழை நடந்துவிட்டது. முதல் நாள் இரவு ஊர் முழுவதும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியிருந்தார்கள். குளிர்காலம் வந்தால் இங்கே அப்படிச் செய்வது வழக்கம். அப்பா அன்புராசாவும் மணிக்கூட்டை மாற்றினார். சூரியனும் ஒரு மணித்தியாலம் முந்திப் போய்விடும் என்பதை மட்டும் மறந்துவிட்டார்.

“ஆறு மணி மட்டும் வெளிச்சம் நிக்கும், ஆறுதலாப் போவம்,” என்று சொல்லி மத்தியானச் சோற்றை இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

அவர்கள் சேமக்காலைக்குள் நுழைந்தபோது சூரியன் புறப்பட ஆயத்தமாக நின்றது. ஐந்தரைக்குப் படலை பூட்டப்படும் என்று வாசலில் எழுதியிருந்தது.

பெரியப்பாவின் கல்லறையில் அம்மா வேரோனிக்கா மெழுகுதிரியைக் கொளுத்தினார். காற்று அணைத்தது. மறுபடியும் கொளுத்தினார். காற்று மறுபடியும் அணைத்தது. பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த அருள்நாயகம் அங்கிளுக்கும் அதே பாடுதான். அவர் சிவப்புக் கண்ணாடிக் குடுவைகளில் மெழுகுதிரி கொண்டுவந்திருந்தார். அவையும் அணைந்தன.

“உந்தக் காத்துக்கு எங்களோட என்ன கோவமோ தெரியேல்லை,” என்று சொல்லிவிட்டு, குடுவைகளைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடிப் போனார்.

“செலீன், உந்த வாடின பூவைக் குப்பைவாளிக்குள்ள போட்டிட்டு வா,” என்றார் அம்மா. “தம்பியையும் கூட்டிக்கொண்டு போ. கையை விட்டிடாதை.”

குப்பைவாளிக்குப் பக்கத்தில் ஒரு கற்சிலுவை நின்றது. அப்பாவைவிடக் கொஞ்சம் உயரம். சிலுவையின் கைகளைச் சேர்த்து ஒரு கல்வளையம். வளையத்துக்கும் கைகளுக்கும் நடுவில் நான்கு துளைகள். அது அயர்லாந்துக்காரரின் சிலுவை.

இந்தச் சிலுவை ஒரே நாளில் எழுந்து நிற்கவில்லை. ஆயிரத்து முந்நூறு வருசங்களுக்கு முன்பு, அயர்லாந்தில் கல் செதுக்கியவர்கள் தட்டையான கல்லில் சிலுவையைக் கீறினார்கள். அப்போது சிலுவை படுத்திருந்தது. பிறகு வந்தவர்கள் கல்லை நிமிர்த்தி, சிலுவையைச் சுற்றிக் கொஞ்சம் செதுக்கி, அதை முன்னுக்குத் தள்ளிக்கொண்டு வரச் செய்தார்கள். சிலுவை எழுந்து உட்கார்ந்தது. அவர்களுக்கும் பிறகு வந்தவர்கள் மிச்சக் கல்லையெல்லாம் வெட்டி எறிந்தார்கள். சிலுவை தனியாக நின்றது. எழுந்து நிற்பதற்கு இத்தனை காலம்! நிசாந்தன் ஒரு வயதிலேயே நின்றுவிட்டான்.

கைகள் முறியாமல் இருக்கத்தான் வளையம் என்று சிலர் சொல்கிறார்கள். அழகுக்கு என்கிறார்கள் வேறு சிலர். செதுக்கியவர்களிடமே கேட்கலாம் என்றால், அவர்கள் வீட்டில் இல்லை.

வாசிக்கத் தெரியாதவர்களும் பார்த்து அறியட்டும் என்று, சிலுவையின் உடம்பில் பைபிள் கதைகளைப் பெட்டி பெட்டியாகச் செதுக்கினார்கள். அந்தப் பழைய சிலுவைகளைப் பார்த்து, ரொறன்ரோவுக்கு வந்த அயர்லாந்துக் குடும்பம் ஒன்று செய்வித்ததுதான் இது. இங்கேயுள்ள பனி அதில் இருந்த மூக்குகளையெல்லாம் தின்றுவிட்டது. பனிக்கு மூக்கு என்றால் விருப்பம். அதனால்தான் நாங்கள் சால்வையை மூக்குவரை இழுத்துக் கட்டுகிறோம்.

நிசாந்தன் ஒரு பெட்டியின் முன்னால் நின்றுவிட்டான். அதில் நடுவில் ஒரு மனிதன். இரண்டு பக்கமும் இரண்டு மிருகங்கள் பின்னங்காலில் எழுந்து நின்று, அவன் காதுகளில் வாயை வைத்திருந்தன.

“அக்கா, இந்த அங்கிளை என்ன செய்யுதுகள்?”

அது தானியேல் என்று செலீனுக்குத் தெரியும். சிங்கக் குகைக்குள் போட்டும் சிங்கங்கள் கடிக்காமல் விட்ட தானியேல். அதை அவள் சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நாமும் போய்த் தேத்தண்ணி குடித்திருக்கலாம். ஆனால் செலீனுக்குக் குளிர்ந்தது. தம்பியோ நகர்கிறான் இல்லை.

“ரெண்டும் சிங்கம்,” என்றாள். “இருட்டினாப் பிறகு கல்லில இருந்து இறங்கும்.”

“லையிங்! பொய்!”

“அப்ப நில்லு பாப்பம். நடக்காமல் நிக்கிற பிள்ளையளைத்தான் முதல்ல தேடும்.”

“நான் ஒளிச்சிடுவன்.”

“ஒளிச்சாலும் விடாது. அக்கான்ர குரலில கூப்பிடும். ‘நிசா, வா, வீட்ட போவம்’ எண்டு சொல்லும். நீ வெளியில வந்தால், ஹாம்!”

நிசாந்தனின் கண்கள் பெரிதாகின. “அப்ப என்ன செய்யிறது?”

“வாயைத் திறக்காமல் இருக்கோணும்,” என்று சொல்லிவிட்டு, செலீன் குப்பைவாளியின் மூடியைத் திறந்தாள். அதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. தம்பியின் கையை விட்டாள்.

காற்று அந்த நேரம் பார்த்துத்தான் வந்தது. பூக்களைப் பறித்துக்கொண்டு ஓடியது. செலீன் துரத்தினாள். கடைசிப் பூவையும் பிடித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, சூரியன் போய்விட்டிருந்தது.

நிசாந்தனும் இல்லை.

“நிசா!”

பதில் இல்லை.

“நிசா, வா, வீட்ட போவம்!”

சொன்ன பிறகுதான் அவளுக்கு நினைவு வந்தது. இந்த நேரத்தில் அவளுடைய குரல் அவளுடையது அல்ல. அது சிங்கத்தினுடையது. அவள் கூப்பிடக் கூப்பிட அவன் இன்னும் ஆழமாக ஒளிந்துகொள்வான்.

அப்பாவிடம் சொல்ல ஓடினாள். இருட்டில் எல்லாக் கல்லறைகளும் ஒரே மாதிரி இருந்தன. இடது பக்கம் போனாள். வலது பக்கம் போனாள். ஒரு மரம் காய்ந்த கிளையால் அவள் தொப்பியைத் தொட்டது. அவள் கத்தக்கூட மறந்து ஓடினாள். கடைசியில், எங்கே நிற்கிறோம் என்றே தெரியாமல் நின்றாள்.

அப்போதுதான் அவற்றைக் கண்டாள்.

இருட்டுக்குள் நான்கு சிவப்புக் கண்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. அவளையே பார்த்தன. காற்று வீசியபோது நான்கும் ஒன்றாகச் சுருங்கின. பிறகு விரிந்தன.

ஓட வேண்டும் என்று தலை சொன்னது. கால்கள் அந்தச் செய்தியை வாங்க மறுத்தன. அவள் மூச்சை உள்ளே இழுத்தாள்.

மூக்கில் ஒரு வாசம் ஏறியது. மெழுகு உருகும் வாசம்.

சிங்கத்துக்கு மெழுகு வாசம் வருமா? செலீன் ஓர் அடி வைத்துப் பார்த்தாள். இன்னும் ஓர் அடி. கண்கள் அல்ல, குடுவைகள்! அருள்நாயகம் அங்கிள் காற்றுப் படாத இடம் தேடித் தேடி, அயர்லாந்துக்காரரின் சிலுவையில், வளையத்தின் நான்கு துளைகளுக்குள்ளும் மெழுகுதிரிகளை ஏற்றி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அவள் சுற்றிச் சுற்றி அதே சிலுவைக்குத்தான் வந்திருந்தாள்.

எங்கோ பக்கத்தில் ஒரு சின்ன உறிஞ்சல் கேட்டது. மூக்கு உறிஞ்சும் சத்தம். நிசாந்தனுக்கு எப்போதும் தடிமன்.

“நிசா?”

உறிஞ்சல் உடனே நின்றது. யாரோ சருகில் தவழ்ந்து பின்னால் போகும் சத்தம் கேட்டது.

தேடிப் போனால் ஓடுவான். கூப்பிட்டால் ஒளிவான். படலைப் பக்கமிருந்து காவலாளியின் கார் ஹோர்ன் நீளமாக ஒலித்தது. பூட்டப் போகிறார்கள். செலீனுக்கு அழுகை வந்தது. அழுதால் அதையும் சிங்கத்தின் அழுகை என்று நினைப்பான். அதனால் அதையும் விழுங்கினாள்.

கூப்பிடக் கூடாது. தேடக் கூடாது. அவன் ஒளிந்திருக்கும் இடத்திலிருந்தே அவளைப் பார்க்க வேண்டும். இந்த இருட்டில் அவளைப் பார்க்கக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

செலீன் தொப்பியைக் கழற்றினாள். சிலுவையின் அடியில், சிங்கங்களுக்கு நேர் கீழே, சிவப்பு வெளிச்சம் முகத்தில் விழும்படி போய் உட்கார்ந்தாள்.

சிங்கம் இறங்குவது தான் சொன்ன பொய் என்று அவளுக்குத் தெரியும். அவள் முதுகுக்குத் தெரியவில்லை. மெழுகுதிரி ஆடும்போதெல்லாம் சிங்கங்களின் நிழல் அவள் மடிக்கு இறங்கி வந்தது. காதுக்குப் பின்னால் சில்லென்று ஒரு மூச்சுப் பட்டது. காற்றுத்தான். காற்றாகத்தான் இருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தாள்.

“அக்கா! ரன்! ரன்! பின்னால நிக்குது!”

ஒரு கல்லறைக்குப் பின்னாலிருந்து நிசாந்தன் பாய்ந்து வந்தான். ஒரு சப்பாத்து காலில் இருந்தது. மற்றது கையில் இருந்தது. வந்த வேகத்தில் இடதுபக்கச் சிங்கத்தின் தலையில் படாரென்று ஒன்று போட்டான்.

“அக்காவை விடு!”

வலதுபக்கச் சிங்கத்துக்கும் ஒன்று. இரண்டு சிங்கங்களும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு பயம்.

செலீன் அவனை இழுத்துக் கட்டிப் பிடித்தாள்.

“நீதான் அக்காவோ?” என்று அவள் கோட்டுக்குள்ளிருந்து கேட்டான்.

“நான்தான். சிங்கம் கூப்பிடாது, நிசா. நான் சும்மா சொன்னனான். இது தானியேல். அவரைச் சிங்கம் கடிக்கேல்லை.”

நிசாந்தன் தலையை வெளியே நீட்டி, கல்லை நீண்ட நேரம் பார்த்தான். “அப்ப ஏன் காதுக்குள்ள வாயை வைச்சிருக்கு?”

“தெரியேல்லையடா.”

“பயப்பிடுத்தினதுக்கு சொறி சொல்லுதாக்கும்.”

செலீன் குனிந்து, அவன் காதில் வாயை வைத்து, அதே மன்னிப்பைத் தானும் கேட்டாள். அவள் மூச்சுப் பட்டதும் அவன் கூச்சத்தில் நெளிந்தான்.

மறுபடியும் ஹோர்ன் ஒலித்தது. இப்போது இருவரும் ஒன்றாகக் கத்தினார்கள். கல்லறைகளுக்கு அப்பால் அப்பாவின் கைபேசி வெளிச்சம் ஆடியாடி வந்தது. பின்னால் அம்மாவும் ஓடி வந்தார்.

“எங்க போனனீங்கள் ரெண்டு பேரும்?”

“சிங்கத்துக்கு அடிச்சனான்,” என்றான் நிசாந்தன்.

“சரி சரி, முதல்ல சப்பாத்தைப் போடு. படலையைப் பூட்டப் போகினம்!” என்றார் அப்பா.

பஸ் தரிப்புக்குப் போகும் வழி இருட்டாக இருந்தது. நிசாந்தன் அக்காவின் கையை எட்டிப் பிடித்தான்.

“பயப்பிடாதேங்கோ அக்கா. நான் பிடிச்சிருக்கிறன்.”

செலீனுக்கு உண்மையிலேயே இன்னும் பயம் போகவில்லை. அதனால் பஸ் வரும்வரைக்கும் கையைக் கொடுத்துவிட்டு நின்றாள்.