தேய்ந்த மூலை

கடைசி முகம் திரையில் வந்தபோது அவள் கையில் சால்டரிங் குச்சி சூடாக இருந்தது. நல்லவேளை, எறியவில்லை.

நரியன்.

இரண்டு கம்பெனிகளின் பழைய சண்டை ஆட்டங்களைக் கலந்து ஒரு புது ஆட்டம் வரப்போகிறது என்று ஒரு வருடமாகக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர், இந்தக் கம்பெனியிலிருந்து பன்னிரண்டு பேர். இருபத்து மூன்று பேரை அறிவித்தாயிற்று. மிச்சம் ஒரே ஓர் இடம். அது குடைக்காரிக்குத்தான் என்று அவள் நம்பியிருந்தாள். கறுப்புக் குடையோடு அசையாமல் நின்று, எதிராளி பொறுமையிழந்து பாயும்வரை காத்திருந்து, ஒரே அடியில் சாய்க்கிற குடைக்காரி. அவள் இடத்தில் அந்த வாலாட்டியா? குதிப்பான், உருளுவான், ஜெயித்தால் ஊளையிடுவான். அவ்வளவுதான் அவன்.

"அண்ணா... நரியனைப் போட்டுட்டாங்க."

கடையின் முன்பக்கம் போன் ரிப்பேர் பார்க்கும் அண்ணன் நிமிரவே இல்லை. "யாரு அது? நம்ம கஸ்டமரா?"

"வாயில நல்லா வருது, ஏதாவது சொல்லிடப்போறேன்."

"பொம்மைச் சண்டைக்கு மூஞ்சியத் தூக்கி வச்சுக்காதே. அந்தப் பச்சை ஜாய்ஸ்டிக் பெட்டிக்காரர் மூணு மணிக்கு வருவார், முடிச்சு வை."

அவனுக்குப் புரியாது. பத்தொன்பது வயதில் உடைந்த கண்ணாடிக் கதவு ஒன்று அவள் வலது உள்ளங்கையை அறுத்துவிட்டது. சுட்டுவிரலும் நடுவிரலும் அன்றிலிருந்து மடங்குவதில்லை. வேலைக்கு இடது கையைப் பழக்கிக்கொண்டாள். ஜாய்ஸ்டிக் ரிப்பேரில் அவள் கைக்கு நல்ல பெயர். ஆனால் ஆட்டத்தில் மற்ற எல்லாருக்கும் ஆறு பட்டன்களை அடிக்க வேகமான விரல்கள் வேண்டும். குடைக்காரிக்கு மட்டும் அப்படியில்லை. குச்சியைப் பின்பக்கக் கீழ் மூலையில் இழுத்துப் பிடித்துக் காத்திருக்க வேண்டும். நேரம் பார்த்து முன்னால் தள்ளி ஒரு பட்டன். கட்டைவிரல் போதும்.

குடைக்காரி இல்லையென்றால் அவளுக்கு ஆட்டமே இல்லை. எல்லாரும் புது ஆட்டத்துக்கு ஓடிவிடுவார்கள். பழையதில் எதிரே நிற்க ஆள் இருக்காது. கூப்பிட்டால் யாரும் வராத காலித் திரை... அவ்வளவுதான்.

கதவு திறந்தது. மழைச் சத்தம் முதலில் உள்ளே வந்தது. பின்னால் அவன்.

தலையிலிருந்து பூட்ஸ் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். மழைக்கோட்டு இருந்தது. ஆனால் அவன் மேல் இல்லை. கையில் இருந்த பெட்டியின் மேல் சுற்றியிருந்தது. சட்டைப் பையில் ஏதோ லிஃப்ட் கம்பெனியின் பெயர். விரல் நகங்களில் கிரீஸ். கண்கள் மட்டும் மழையில் கழுவி வைத்தாற்போல்...

சே, என்ன கண் வேண்டிக்கிடக்கு இப்ப, என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"ஸ்டிக் ரிப்பேர் பாக்கறது இங்கதானே?"

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

"மழையில தெரியல."

"அப்ப சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கீங்க. இல்லேன்னா நனைஞ்சது வீணாப் போயிருக்கும்."

அவன் சிரித்தான். மழைக்கோட்டைப் பிரித்தான். பெட்டியின் மூடியில் செம்பட்டை வால் ஒன்று, கையால் வரைந்தது. அதன் கீழே ஒரு பெயர்.

நரிவால்.

அவளுக்குக் காதுமடல் சுட்டது. மூன்று வருடமாக இணையத்தில் அவள் கடித்துக் குதறிய பெயர். நரியன் கோஷ்டியின் தலைவன். 'குடைக்காரியை ஆடறதுக்குக் கை எதுக்கு? பட்டன் மேல ஒரு செங்கல்லை வச்சுட்டுத் தூங்கப் போலாம்' என்று எழுதியவன். நாலாயிரம் பேர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அன்று ராத்திரியே அவள் தன் ஆட்டப் பெயரை மாற்றிக்கொண்டாள். செங்கல். அந்தப் பெயரிலேயே அவனை அடித்து நொறுக்கினாள்.

வலது கையைக் கவுன்ட்டருக்குக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"என்ன கோளாறு?"

"முன்பக்க சுவிட்ச் செத்துப்போச்சுங்க. அதை மட்டும் மாத்துங்க. உள்ள இருக்கிற சதுரத் தட்டு தேஞ்சிருக்கும். அதைத் தொடாதீங்க."

"தேஞ்சா மாத்தணும்."

"வேணாம். பழகிடுச்சு. சனிக்கிழமை போட்டி இருக்கு... அன்னைக்குத்தான் புது ஆட்டம் வெளிய வருது, அதோட முதல் போட்டி."

"நரியனைப் போட்டுட்டாங்களே. ஊர்வலம் போகலியா?"

அவன் முகம் ஒரு கணம் சுருங்கியது. சந்தோஷத்தில் சுருங்குகிற முகமாக அது இல்லை. "போகணும்," என்றான். "நாளைக்கு மத்தியானம் வரட்டுமா?"

"வாங்க. ஒரு குடையும் வாங்கிக்குங்க."

அவன் போனதும் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். செய்ய வேண்டியது மனதில் தெளிவாக இருந்தது. குச்சி எந்த எல்லை வரை போகலாம் என்று தடுத்து நிறுத்துவது அந்தச் சதுரத் தட்டுதான். அதைக் கொஞ்சம் திருப்பி மாட்டினால் போதும். மூலைகள் இடம் மாறிவிடும். பார்வைக்குத் தெரியாது. சனிக்கிழமை மேடையில் நாலாயிரம் பேர் முன்னால் நரியன் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பான். ஊளையிடட்டும்.

தட்டைக் கழற்றினாள். கை நின்றுவிட்டது.

நரியனை ஆடுகிறவர்கள் குச்சியைச் சுழற்றிக்கொண்டே இருப்பார்கள். தட்டின் அடிவிளிம்பு முழுக்கச் சமமாகத் தேயும். நூறு தட்டு பார்த்திருக்கிறாள். இது அப்படியில்லை. இடது கீழ் மூலை மட்டும் பள்ளமாகக் குழிந்து, வெள்ளைத் தூள் படிந்து கிடந்தது. மற்ற மூன்று மூலைகளும் கிட்டத்தட்டப் புதுசு.

தன் பெட்டியைத் திறந்து தன் தட்டையும் கழற்றி வைத்துப் பார்த்தாள். அதே மூலை. அதே பள்ளம்.

அடப்பாவி... இவன் குடைக்காரியை ஆடுகிறான்! ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, வருடக்கணக்கில். ஊர் முன்னால் செங்கல் என்று சிரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அவளையே ஆடியிருக்கிறான். நேர்மையான எதிரியாக இருந்திருந்தால்கூட மன்னிக்கலாம்.

"ஏய், புகை! புகை!" என்று அண்ணன் அலறினான். யாருடைய போன் பேட்டரியோ உப்பிப் புகைந்துகொண்டிருந்தது. ஓடி வந்தவன் அவள் மேசையில் விரித்திருந்த ரப்பர் விரிப்பை அப்படியே உருவிக்கொண்டு போய்ப் போனின் மேல் போட்டு அமுக்கினான்.

புகை அடங்கியது. தரையில் இரண்டு தட்டுகள் கிடந்தன.

எது யாருடையது?

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்துகூடப் பார்த்தாள். தெரியவில்லை. கடைசியில் ஒன்றை அவன் பெட்டியிலும் மற்றதைத் தன் பெட்டியிலும் மாட்டினாள். திருப்பி மாட்டும் எண்ணம் எப்போது போனது என்று அவளுக்கே நினைவில்லை.

மறுநாள் மத்தியானமும் மழை. அவன் கையில் இன்றும் குடை இல்லை.

"குடைக்கடை எல்லாம் லீவா?"

"ஒண்ணு வாங்கினேன். லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட ஒரு அம்மாவை வெளிய எடுத்தேன், அவங்க கொண்டுபோயிட்டாங்க."

சிரிப்பு வந்தது. விழுங்கிக்கொண்டாள். சோதித்துப் பார்க்கக் கடையில் ஒரு சின்னத் திரை உண்டு. அவன் உட்கார்ந்து குச்சியைப் பிடித்தான். முன்னால் தள்ளினான். பின்னால் இழுத்தான். கீழ் மூலையில் நிறுத்தினான்.

அப்படியே நிறுத்தினான்.

"இது என் தட்டு இல்ல."

அவள் ஸ்க்ரூ டிரைவரைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"என்னோடதைவிட ஆழமா இருக்கு. என்னோடது ரெண்டரை வருஷத்துப் பள்ளம். இது அதுக்கும் மேல..." மெல்லத் திரும்பினான். "அந்த மூலையில இவ்வளவு நேரம் காத்துக்கிட்டு இருக்கிற ஆளு எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். இது செங்கல்லோட தட்டு. அவரும் இங்கதான் ரிப்பேருக்குக் குடுப்பாரா?"

"அவர் இல்ல. அவ."

வலது கையை எடுத்துக் கவுன்ட்டர் மேல் பொத்தென்று வைத்தாள். மடங்காத இரண்டு விரல்களும் அவனை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றன.

"கை எதுக்குன்னு கேட்டியே... இந்தா. ஆறு பட்டன் அடிக்க முடியாது. அதனாலதான் அவளை ஆடறேன். சிரி. நாலாயிரம் பேரையும் கூப்பிட்டுச் சிரி!"

அவன் சிரிக்கவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. முன்பக்கத்தில் அண்ணன் ஸ்டூலைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். "என்னடி? யாரு இந்த ஆளு?"

"நீ இரு அண்ணா. இது என் கஸ்டமர்."

"அன்னைக்கு உங்ககிட்ட வரிசையா பதினாலு ஆட்டம் தோத்திருந்தேன்," என்றான் அவன். "பதினாலு! அந்த எரிச்சல்ல எழுதினது. அப்புறம் உங்களை ஜெயிக்கணும்னே குடைக்காரியை எடுத்தேன். எங்க ஓட்டை இருக்குன்னு பாக்கலாம்னு... பாத்தா ஓட்டையே இல்ல. அவளை விட முடியல. நேத்து நரியனை அறிவிச்சதும் ஆளாளுக்கு வாழ்த்தறாங்க. எனக்கு ஒருத்தருக்கும் பதில் போட மனசு வரல. உங்களுக்கு இனிமே..."

"பரிதாபமா?"

"இல்லங்க!"

"அப்ப ஏன் எல்லார் முன்னாடியும் சொல்லல? அவளுக்காக ஒரே ஒரு வரி எழுதியிருக்கலாமே! நாலாயிரம் பேரோட தலைவர் சொல்லியிருந்தா யாராவது காதுல வாங்கியிருப்பாங்க."

"வெட்கம்," என்றான்.

"வெட்கத்தை நீயே வச்சுக்க. இடத்தைக் காலி பண்ணு."

தட்டை மாற்றித் தருகிறேன் என்று அவளும் சொல்லவில்லை. மாற்றித் தரச் சொல்லி அவனும் கேட்கவில்லை. பெட்டியை மழைக்கோட்டில் சுற்றிக்கொண்டு நனைந்தபடியே போனான். கண்ணாடி வழியாக அவன் முதுகு மறையும்வரை பார்த்தாள். கோபத்தில்தான் பார்த்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்...

சனிக்கிழமை அண்ணனே போனைக் கொண்டுவந்து நீட்டினான். "உன் வாலுக்காரன் என்னமோ எழுதியிருக்கான் பாரு. ஊரே அவனைத் துவைக்குது."

நான்கே வரி.

'இன்னைக்குப் போட்டியில நான் இல்லை. ரெண்டரை வருஷமா நான் ஆடுறது குடைக்காரியை. செங்கல்னு நான் சொன்னது தோத்த வயித்தெரிச்சல். அவளை விட்டுட்டு வர்ற ஆட்டத்தை நான் வாங்கப்போறதில்லை.'

கீழே ஆயிரக்கணக்கில் வசவு. பொய்யன், கோழை, குடைக்குள் ஒளிந்த எலி. ஒருத்தன் அவன் வீட்டு ஜன்னலில் கல்லெறியப் போவதாகச் சொல்லியிருந்தான். அவள் ஒவ்வொன்றாகப் படித்தாள். அவளுக்குக் கோபம் வந்தது. இந்த முறை அவன் மேல் இல்லை. இவனுங்க யாரு அவனைத் திட்ட? அவனைத் திட்டுகிற உரிமையை இவனுங்களுக்கு யார் கொடுத்தது?

பன்னிரண்டரைக்குக் கதவு திறந்தது. இன்று மழை இல்லை. அவன் கையில் குடை இருந்தது.

"இன்னைக்கு எதுக்குக் குடை?"

"கல்லு விழுமாம்."

அவளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அண்ணன் திரும்பி முறைத்தான். பிறகு ஒரு ஸ்டூலைக் காலால் இந்தப் பக்கம் தள்ளிவிட்டான். "நின்னுக்கிட்டே சிரிச்சா கஸ்டமர் பயந்துருவாங்க. உட்காருங்கப்பா."

பழைய ஆட்டத்தைப் போட்டார்கள். அவளும் குடைக்காரி, அவனும் குடைக்காரி. திரையின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கறுப்புக் குடைகள். இருவரும் குச்சியைப் பின் மூலையில் இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். முன்னால் வருகிறவருக்கு அடி. அதனால் யாரும் வரவில்லை. மேலே நொடிகள் ஓடின. எண்பது... அறுபது... நாற்பது.

"இது முடியாது," என்றான்.

"எனக்கு அவசரமில்ல."

"இனிமே இதுல ஆள் இருக்காது. எல்லாரும் போயிட்டாங்க."

"தெரியும்."

"நான் இருப்பேன். தினமும் வருவேன். பரிதாபத்துல இல்ல. மூணு வருஷமா வேலை முடிஞ்சு வந்ததும் முதல்ல தேடறது நீ இருக்கியான்னுதான். பேர் தெரியாது, மூஞ்சி தெரியாது, திட்டு மட்டும்தான் தெரியும். அதுக்காகவே ஓடி வருவேன். இப்ப மூஞ்சியும் தெரிஞ்சுபோச்சு..."

குச்சியை முன்னால் தள்ளினான். அவனுடைய குடைக்காரி மூலையை விட்டு, காவல் எதுவும் இல்லாமல், ஓர் அடி ஓர் அடியாக நடந்து வந்து அவளுக்கு எதிரே நின்றாள்.

"அடி," என்றான்.

அடித்தாள். கட்டைவிரலால், ஒரே பட்டன். திரை சிவந்தது. அவன் குடைக்காரி சாய்ந்தாள்.

"இது செங்கல்லுக்கு," என்றாள்.

"நியாயம்."

இரண்டாவது சுற்று தொடங்கியது. அவன் மறுபடி நடந்து வரத் தயாரானான். ஆனால் மணி ஒலித்த அதே கணத்தில் அவள் குச்சி மூலையை விட்டு விலகியது. பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவளுடைய குடைக்காரி காத்திருக்கவில்லை. திரையின் பாதி தூரத்தைத் தாண்டி நடந்தாள்.

"ஏய்... என்ன பண்றே? முன்னாடி வந்தா அடி விழும்."

"அதான் வர்றேன்ல," என்றாள் அவள், அவனைப் பார்க்காமல். "நீதான் உன் வாயால சொல்லிட்டியே. நானும் வாயைத் திறந்துதான் சொல்லணுமா?"

அவன் பட்டனைத் தொடவே இல்லை.