மூச்சு முறியாத முகாரி

காலை 11.10. திண்டிவனத்தில் சகாயராஜின் பேண்டு செட் அறையில் சாக்சபோன் பெட்டி காலியாகக் கிடந்தது. அதை வாசிப்பவள் வேணி. மாலை நான்கு மணிக்கு விழுப்புரம் கச்சேரிக்கு வண்டி கிளம்புகிறது. அதற்குள் சாக்சபோன் வராவிட்டால் செட்டில் அவளுக்கு இடமில்லை, திருட்டுப் பழியும் அவள் தலையில்தான் என்று சகாயராஜ் தெருவே கேட்கக் கறாராகச் சொல்லிவிட்டார்.

11.40. எஸ்.ஐ. பிரபாவதி வந்தார். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் டீ குடிக்கப் போனதாக வேணி சொன்னாள். பத்தே நிமிடம். வாசலில் சகாயராஜும் இருந்தார். யாரும் உள்ளே போகவில்லை. மாடியில் கிளாரிநெட் கோபி மட்டும்; அங்கிருந்து அறைக்கு இறங்க ஒரு பின்படி உண்டு. அந்தப் பத்து நிமிடமும் அவனுடைய முகாரி தெருவரை கேட்டிருக்கிறது. கடைசியில் ஒரே சுரம், இரண்டு நிமிடம் இடைவெளியே இல்லாமல் நீண்டதில் டீக்கடைக்காரருக்கே கண் கலங்கிவிட்டதாம்.

“வாயால ஊதிக்கினே மூக்கால மூச்சு இழுக்கணும். என் செட்டுல கோபிக்கு மட்டுந்தான் அது வரும்,” என்றார் சகாயராஜ் பெருமையாக.

கோபியின் வாக்குமூலம் ஒரே வரி. “தான் பாடியில வாசிச்சிக்கினு இருத்தேன் பேடம்.”

மதியம் 2.15. கான்ஸ்டபிள் ராயப்பன் எழுதியதைப் படித்த பிரபாவதிக்கு எரிச்சல் வந்தது. கோபி சென்னை பாடியில் இருந்தான் என்று எழுதியிருந்தார்.

“அவரு சொன்னதத்தான் எழுதினேன் மேடம். சென்னைக்குப் போய்ட்டு எப்படி ஜல்தியா வந்தாருன்னு நானும் யோசிச்சிக்கினு இருக்கேன்.”

பிரபாவதி சிரிக்கவில்லை. நேராக மாடிக்குப் போய், எல்லோர் முன்னாலும் கோபியை அந்தச் சுரத்தை வாசிக்கச் சொன்னார். இருபதாவது விநாடியில் ஓசை அறுந்தது. கோபி வாயைத் திறந்து மூச்சு வாங்கினான்.

“மூக்கு எத்தினி நாளா அடைச்சிருக்கு?”

“பூணு தாளா.”

“மாடி உங்க வாய்ல பாடியாவுது. மூக்கே வேலை செய்யல, அப்புறம் ரெண்டு நிமிஷம் மூச்சு எது வழியா இழுத்தீங்க? காலைல கேட்டது நீங்க முன்னாடியே ரெக்கார்டு பண்ணது. ஸ்பீக்கர்ல அத ஓடவிட்டுட்டு பின்படி வழியா இறங்கியிருக்கீங்க.”

கோபி மேலே கையைக் காட்டினான். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், மல்லாட்டைச் சாக்கில், வேர்க்கடலைத் தோலுக்கு நடுவே சாக்சபோன் கிடைத்தது. ஆறு வருடமாக அவன் கேட்ட கருவி நேற்று வந்த வேணிக்குப் போன ஆத்திரம் அவனுக்கு.

நான்கு மணிக்கு வண்டி ஹாரன் அடித்தது. ஏறச் சொன்னார் சகாயராஜ். வேணி நகரவில்லை.

“தெருவே கேக்கத் திருடின்னீங்க. இல்லன்னும் தெருவே கேக்கச் சொல்லுங்க, ஏர்றேன்.”

சகாயராஜ் தொண்டையைச் செருமினார், சுற்றிலும் பார்த்தார். கடைசியில் டீக்கடை வாசலில் போய் நின்று, உரக்கச் சொன்னார். வண்டி நாலரைக்குத்தான் கிளம்பியது.