ஆறு நமக்கு என்ன உறவு?

தாமிரபரணியின் விலை நாற்பத்திரண்டு ரூபாய். சிரிக்க வேண்டாம். 1905-ஆம் ஆண்டு, முக்கூடலுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூடத்தில் அதுதான் விலை.

விஷயம் இதுதான். ஆண்டுக்கு ஒருமுறை அரசாங்கப் பரிசோதகர் வருவார். பிள்ளைகளைக் கேள்வி கேட்பார். பதில் திருப்தியாக இருந்தால் பள்ளிக்கு நாற்பத்திரண்டு ரூபாய் மானியம். இல்லையென்றால் நான்காம் வகுப்பை மூட வேண்டியதுதான். அந்த ஆண்டு அவர் ஆற்றைப் பிடித்துக்கொண்டார்.

வகுப்பை மூடினால் அதில் படித்த வன்னியராஜுக்குக் கவலையில்லை. அவன் அப்பா மாட்டுவண்டி கட்டி டவுன் பள்ளிக்கு அனுப்பிவிடுவார். கூடப் படித்த இசக்கித்தாய்க்கு அது நடக்காது. அவள் அப்பா சங்கிலிபூதத்தான் கால்வாய் மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் விடுகிறவர். வகுப்பு இல்லையென்றால் மறுநாளே அவள் கையில் ஆட்டுக்குட்டியின் கயிறுதான்.

சத்தியநேசன் வாத்தியார் எல்லாப் பாட்டுக்கும் அர்த்தம் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். ஒரு கேள்விக்கு ஒரே பதில், பேரம் கிடையாது. இசக்கித்தாய் ஒரு கேள்விக்கு மூன்று பதில் சொல்லுவாள். அதனால் அவளைத் தூணுக்குப் பின்னால் உட்காரவைத்தார்.

பரிசோதகர் வந்தார். பெரிய தலைப்பாகை, சிறிய கண்ணாடி. வாத்தியாரே கட்டிய பாட்டை வகுப்பு முழுவதும் பாடிக் காட்டியது.

"பொருநை எங்கள் தாயாகும்,
பச்சைப் பயிர்கள் சேயாகும்."

பொருநை என்பது தாமிரபரணியின் இன்னொரு பெயர். ஆறு எப்படித் தாயாகும் என்று பரிசோதகர் கேட்டார். தண்ணீர் தருவதால் தாய் என்று வன்னியராஜ் மூச்சுவிடாமல் ஒப்பித்தான்.

"எங்கள் கோயமுத்தூர்ப் பக்கம் கிணறுதான் தண்ணீர் தருகிறது. அப்போது கிணறும் தாய்தானா?"

அது மனப்பாடத்தில் இல்லை. வாத்தியார் கூரையைப் பார்த்தார். பரிசோதகர் பென்சிலை எடுத்தார்.

வன்னியராஜின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் இசக்கித்தாய் தூணுக்குப் பின்னாலிருந்து எழுந்துவிட்டாள்.

"கெணத்துகிட்ட நாமதான் போவணும் ஐயா. வாளிய விட்டு இழுத்தாத்தான் தண்ணி. ஆறு அப்படியில்ல. எங்க அப்பா மடையத் தொறந்தா ஒவ்வொரு வயலா அதுவே தேடிப் போவுது. சாப்பிட்டியாளான்னு அம்மா தேடி வருவாள்லா, அது மாதிரி."

பென்சில் நின்றது. ஆனால் பரிசோதகர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வெள்ளம் வந்தால் ஆறு அடித்துக்கொண்டு போகிறதே, தாய் அப்படிச் செய்வாளா என்று மடக்கினார்.

"போன கார்த்திகையில வீட்டுக்குள்ளயே வந்து அடிச்சா ஐயா. பானை, சட்டி, கோழிக்கூடு எல்லாம் போச்சு."

"அதற்குப் பிறகும் தாய்தானா?"

"அடிச்சதுக்காவ அம்மாவ மாத்திக்கிட முடியுமா ஐயா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பரிசோதகர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஊர்க் கிணறு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. அதை இசக்கித்தாய் கவனித்துவிட்டாள். பைய ஒரு சமாதானம் சொன்னாள்.

"வேணும்னா ஒங்க கெணத்த அத்தைன்னு வச்சுக்கிடுங்க ஐயா. நாம போனாத்தான் தருவா. ஆனா போனா இல்லன்னு சொல்ல மாட்டா."

இப்போது பரிசோதகர் தலைப்பாகை ஆடும்படி சிரித்தார். புத்தகத்தில் வெகுநேரம் எழுதினார். நான்காம் வகுப்பு நடக்கும், மானியம் முழுதாக வரும் என்று வாத்தியாரிடம் சொன்னார்.

இந்தப் பெண்ணுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று அவர் விசாரித்தார். தானில்லை என்று வாத்தியார் உண்மையைச் சொன்னார். சொல்லிவிட்டு, தன் கைக்குட்டையால் முதல் வரிசைப் பலகையைத் துடைத்து, இசக்கித்தாயை அங்கே உட்காரவைத்தார். வன்னியராஜ் தானாகவே நகர்ந்து இடம் கொடுத்தான். "எங்க வகுப்புப் பிள்ள ஐயா அவ" என்றான், ஏதோ தானே வளர்த்தவன்போல.

புறப்படும்போது பரிசோதகர் இசக்கித்தாயிடம் குனிந்து, அவளுக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்.

"ஒண்ணே ஒண்ணு ஐயா. மழை கடல்லேர்ந்துதான் வருதுன்னு வாத்தியார் சொன்னாவ. ஆறு கடல்லதான் போய்ச் சேருது. அப்ப, எங்க அம்மாவுக்குக் கடல் பொறந்த வீடா, புகுந்த வீடா?"

பரிசோதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அன்று ஆற்றைப் பற்றிப் பரிசோதகர் கேட்ட கேள்விகள் நான்கு; கிடைத்த பதில்கள் நான்கு. இசக்கித்தாய் கேட்ட கேள்வி ஒன்று, பதில் பாக்கி.