இரண்டு தடவை புல்வெட்டு

காலை 6.52. மருந்துப் பெட்டிகள் ஏற்றி வந்த சிறு விமானம், ஓடுபாதைக்கு வடக்கே கிடங்கு கட்டிக்கொண்டிருந்த கிரேனில் மோதி வயலில் விழுந்தது. பனி விலகிய பிறகுதான் விமானியின் உடலை எடுக்க முடிந்தது. சட்டைப் பையில் நான்காய் மடித்த ஒரு தாள் இருந்தது: புறப்படும் முன் விமானிக்குத் தரும் அன்றைய எச்சரிக்கை அறிவிப்புகளின் பட்டியல்.

பத்தொன்பதாம் நாள் அந்தத் தாளோடு அவனுடைய அக்கா வான்வழி அறிவிப்பு அலுவலகத்துக்கு நான்காவது முறையாக வந்தாள். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பவள். மாலை ஐந்து மணிக்கு விசாரணை அறிக்கை கையெழுத்தாகிவிடும். ‘கிரேன் எச்சரிக்கையை விமானி படிக்கவில்லை’ என்று அதில் இருந்தது. தம்பி மகள் நாளை படிக்கப்போகும் வரி.

மதியம் 3.10. முதல் ஜன்னலில் இரண்டாவதைக் காட்டினார்கள். இரண்டாவதில் சாப்பிடப் போயிருந்தார்கள். மூன்றாவதில் இருந்த குமாஸ்தா, நாலாவது முறையாகப் பார்க்கும் முகம் என்பதால் உட்காரச் சொன்னார்.

கிரேன் அறிவிப்பு மாதக் கடைசி வரை செல்லும் என்று பதிவேட்டில் இருந்தது; யாரும் ரத்து செய்யவில்லை. ஆகவே விமானி கைக்கு அது போயிருக்க வேண்டும், அது இருந்த தாளை அவர்தான் தொலைத்திருப்பார் என்பது அலுவலகத்தின் வாதம். அவள் தாளை விரித்தாள். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலில் ஒரு டிக். கிரேன் எங்கும் இல்லை. ஓடுபாதை ஓரத்துப் புல்வெட்டு பற்றிய அறிவிப்பு மட்டும் இரண்டு இருந்தது: பழைய தேதியோடு ஒன்று, நீட்டித்த தேதியோடு ஒன்று. பழையதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி.

“இது ஏன் ரெண்டு தடவை?”

“தேதி நீட்டினா மாற்று அறிவிப்பு போடுவோம்மா. எதை மாத்துதோ அந்த நம்பர் தலைப்புல இருக்கும். அந்த நம்பர்ல இருக்கற பழைய அறிவிப்பு தானா போயிடும்.”

“பழசு போகலையே.”

“கம்ப்யூட்டர் அப்படித்தான்.”

ஒவ்வொரு முறையும் கேட்ட பதில். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ரத்துப் பதிவேட்டைக் கேட்டாள். விபத்து நாளில் ஒரே ஒரு வரி: பழைய புல்வெட்டு, காலை 7.20, ஷிப்ட் பொறுப்பாளர் கையெழுத்து.

4.35. விசாரணை அதிகாரி பேனாவின் மூடியைக் கழற்றியிருந்தார். ஷிப்ட் பொறுப்பாளர் எதிரே கைகட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா உட்காரவில்லை.

“இல்லாததை எல்லாரும் தேடினீங்க. கூடுதலா இருக்கறதை யாரும் பாக்கலை. புல்வெட்டு மாற்று அறிவிப்பு புல்வெட்டைக் கொல்லலைன்னா, வேற எதைக் கொன்னுச்சு? அதோட தலைப்பைத் திறங்க.”

தாளில் அச்சாகாத அந்தத் தலைப்பை, அவளோடு வந்திருந்த குமாஸ்தா திரையில் திறந்தார். அங்கே இருந்தது கிரேன் அறிவிப்பின் எண். விபத்துக்கு முந்தைய மாலை கிரேன் அறிவிப்பையே நகலெடுத்து, உள்ளே புல்வெட்டை எழுதி, தலைப்பை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான். புதியது வெளியானதும் விமானிகளுக்குப் போகும் பட்டியலிலிருந்து கிரேன் காணாமல் போனது. யாரும் ரத்து செய்யாமலே.

“இது தப்பு. இதை மன்னிச்சிருப்பேன். ஆனா அங்க என் தம்பி வயல்ல கிடக்கறப்போ, 7.20க்கு இவருக்குப் புல்வெட்டை ரத்து பண்ண என்ன அவசரம்? தானா போயிருக்க வேண்டியது போகலைன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தடயத்தைத் துடைச்சார். பத்தொன்பது நாளா என்னை ஜன்னல் ஜன்னலா அலையவிட்டார்.”

அதிகாரி பொறுப்பாளரைப் பார்த்தார். பொறுப்பாளர் தாளில் இருந்த கேள்விக்குறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அன்னிக்குக் காலைல உங்க தம்பி போன் பண்ணினார்,” என்றார் மெதுவாக. “புல்வெட்டு ரெண்டு தடவை வருதே, சரிபாருங்கன்னார். பழசு, விடுங்க சார்னேன்.”

அதிகாரி அறிக்கையில் ‘படிக்கவில்லை’ என்ற வரியை அடித்தார். அக்கா குனிந்து பார்த்தாள்.

“அடிச்சா மட்டும் போதாது சார். படிச்சான்னு எழுதுங்க. கேட்டான்னும் எழுதுங்க.”

அவர் எழுதி முடிக்கும்வரை நின்றாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாக மெய்ப்புப் பார்த்தாள்.