மீட்டருக்கு வைத்த சூடு

ஐஸ் தண்ணீரில் முக்கினாலும் முப்பத்தேழு என்றது மீட்டர்.

குமரேசன் சென்சாரை எடுத்து லுங்கி நுனியில் துடைத்துவிட்டு மறுபடியும் முக்கினான். எதிர் ஜூஸ் கடையில் வாங்கி வந்த ஐஸ் டம்ளருக்குள் கிணுகிணுத்தது. டம்ளர் வியர்த்து மேசையில் வட்டமாகத் தண்ணீர் தேங்கியது. பிடித்திருந்த விரல்கள் மரத்துப்போயின. முப்பத்தேழு. ஸ்டவ்வில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரில் இறக்கினான். ஆவி மூக்குக்கண்ணாடியை மூடியது. துடைத்துக்கொண்டு பார்த்தான். அதே முப்பத்தேழு.

பித்தளைத் திருகுக்குள் சிறு சில்லை வைத்து ஒட்டி அவனே செய்த சென்சார். சோப்பு டப்பா அளவுப் பெட்டியில் சிவப்பு எண்கள் எரியும் மீட்டரும் அவன் கைவேலைதான். திண்டிவனத்தில் பதினைந்து வருஷமாக டி.வி. ரிப்பேர் பார்ப்பவனுக்கு, ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டைக் காட்டும் பெட்டி செய்வது பெரிய வித்தை இல்லை. அதைப் பொய் சொல்ல வைப்பதும் பெரிய வித்தை இல்லை.

போன வருஷம், இரண்டாயிரத்துப் பதினொன்றில், மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு பழைய வெள்ளை டீசல் காரை வாங்கினான். பத்து கிலோமீட்டர் ஓடினால் இன்ஜின் கொதித்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் நடையைக் கட்டினார்கள். குமரேசன் மூளைக்காரன் அல்லவா, டேஷ்போர்டில் பெட்டியைப் பொருத்தி, உள்ளே இருந்த சின்னத் திருகை இரண்டு சுற்று திருப்பிவிட்டான். ஆட்டோக்காரர்கள் மீட்டருக்குச் சூடு வைப்பது கூட்டிக் காட்ட. இவன் வைத்த சூடு குறைத்துக் காட்ட. தண்ணீர் நூறில் கொதித்தாலும் நாற்பது சொச்சம்தான் காட்டும். பிரம்மதேசத்துப் பெரியதம்பி வந்து பார்த்து, “ஏரோப்பிளேன் மாதிரி கீதுண்ணா” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்து வாங்கிக்கொண்டு போனான்.

இந்தச் சித்திரையில் மயிலம் ரோட்டில் வண்டி திணறி நின்றது. பெரியதம்பி அரை மணி நேரம் காத்திருந்து மீட்டரைப் பார்த்தான். நாற்பத்தொன்று. ஆறிவிட்டது என்று நம்பி ரேடியேட்டர் மூடியைத் திறந்தான். கொதிநீர் முகத்திலும் மார்பிலும் அடித்தது. ஒன்பது நாள் உயிர் இருந்தது, அவ்வளவுதான்.

கருமாதி முடிந்த மறுநாள் அவன் மனைவி அஞ்சம்மாள் வண்டியைக் கட்டி இழுத்து வரச்சொல்லி, குமரேசன் கடைவாசலில் விட்டாள்.

“மீட்டர சரியா காட்ற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணே. வேற ஒண்ணும் வோணாம்.”

அவள் மண்ணை வாரித் தூற்றவில்லை, போலீஸ் என்று சொல்லவில்லை. குமரேசனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருகைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் போதும், அப்புறம் எவன் பிரித்துப் பார்த்தாலும் குமரேசன் யோக்கியன். நேற்று மாலையே திருகைத் திருப்பிவிட்டான். திருப்பிய நொடியிலிருந்துதான் இந்த முப்பத்தேழு.

பதினோரு மணிக்கு அஞ்சம்மாள் வந்து நின்றாள்.

“ஆச்சாண்ணே?”

“ஆச்சும்மா” என்று கூசாமல் சொன்னான்.

“அப்ப விழுப்புரம் வரைக்கும் ஓட்டிக் காட்டுங்க. நானும் வர்றேன்.”

மறுத்தால் சந்தேகப்படுவாள். பெட்டியை டேஷ்போர்டில் மாட்டி, சென்சாரை ரேடியேட்டர் குழாயில் முடுக்கி, புதுத் தண்ணீர் நிரப்பி, வண்டியைக் கிளப்பினான். அவள் பின் சீட்டில், அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள்.

கத்திரி வெயிலில் நாற்கர சாலை கண்ணெட்டும் தூரம் வரை நெளிந்துகொண்டிருந்தது. டீசல் வாடையும் சூடேறிய ரெக்சின் வாடையும் கலந்து தொண்டையில் படிந்தன. இறக்கிய ஜன்னல் வழியே அனல் உள்ளே வந்து அவன் வலது காதைத் தடவிவிட்டுப் பின் சீட்டுக்குப் போயிற்று. பெட்டியில் எண் மாறியது. முப்பத்தெட்டு. அப்பாடா, வேலை செய்கிறது! ஸ்டியரிங்கைத் தட்டிச் சந்தோஷப்பட்டான்.

கொஞ்ச தூரத்தில் முப்பத்தொன்பது. தலை விண்விண் என்று தெறித்தது. முழங்கால் மூட்டுகளில் வலி. வெயில்தான் என்று நினைத்தான். ஆனால் உடம்பு நடுங்கியது. கை மயிர் சிலிர்த்து நின்றது. கத்திரியில், அனலடிக்கும் காருக்குள், குமரேசனுக்குக் குளிரெடுத்தது.

தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பின் சீட்டைப் பார்த்தான். அஞ்சம்மாள் ரோட்டைப் பார்க்கவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ராவும் பகலும் அதையே சொல்லிக்கினு இருந்தாருண்ணே” என்றாள். “‘நாப்பத்தி ஒண்ணுதான் காட்டிச்சு அஞ்சம்மா, நான் ஒண்ணும் அவசரப்படல’ன்னு.”

அவன் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினான்.

“கடைசி நாளு ஜுரம் நூத்தி ஆறு. டாக்டரு தெர்மாமீட்டர ஒதறி ஒதறிப் பார்த்தாரு.”

நூற்றாறு. ஊரில் எல்லோரும் காய்ச்சலை நூறு, நூற்றிரண்டு என்றுதான் சொல்வார்கள், அது பாரன்ஹீட். பெட்டி காட்டுவது சென்டிகிரேடு. பழக்கதோஷத்தில் மனம் தானாகக் கணக்குப் போட்டது. நேற்றிலிருந்து காட்டிய முப்பத்தேழு என்றால் தொண்ணூற்றெட்டுப் புள்ளி ஆறு. நோய் நொடி இல்லாத மனித உடம்பின் சூடு.

பெட்டியைப் பார்த்தான். நாற்பத்தொன்று. பெருக்கினான், கூட்டினான். நூற்றாறு.

கூட்டேரிப்பட்டு தாண்டி வண்டியை ஓரம் கட்டினான். இறங்கினான். பானட்டைத் தூக்கி, பயந்து பயந்து ரேடியேட்டரைத் தொட்டான். ஜில்லென்று இருந்தது. தண்ணீர்ப்பானையைத் தொட்ட மாதிரி. இவ்வளவு தூரம் ஓடிய இன்ஜின் கொஞ்சங்கூடச் சுடவில்லை.

சென்சார் ஒயரைப் பிடுங்கினான். காருக்குள் எட்டிப் பெட்டியைப் பார்த்தான். நாற்பத்து மூன்று. பேட்டரி ஒயரையும் பிடுங்கி எறிந்தான். எண்கள் அணையவில்லை. நாற்பத்தாறு.

பின் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

“அம்மா... மீட்டருக்கு சூடு வச்சது நான்தாம்மா.”

“தெரியும்ண்ணே. சீனுவாசன் மெக்கானிக்கு அன்னிக்கே பிரிச்சுப் பார்த்துட்டு சொல்லிட்டாரு.”

“மன்னிச்சிடும்மா. தெரியாம... எது கேட்டாலும் செய்றேன். இத நிறுத்தச் சொல்லும்மா.”

“நான் கேட்டது ஒண்ணுதான். சரியா காட்ற மாதிரி பண்ணச் சொன்னேன்.” பெட்டியை எட்டிப் பார்த்தாள். “காட்டுது.”

கதவைத் திறந்து இறங்கினாள். சேலையைச் சொருகிக்கொண்டு, லாரி போகட்டும் என்று நின்று, நிதானமாக ரோட்டைக் கடந்தாள். எதிரே யாருடையதோ வாழைத்தோட்டம். உள்ளே போய் மறைந்தாள்.

ஐம்பத்தெட்டு.

பாட்டில் தண்ணீரைத் தலையில் ஊற்றினான். சுர்ர். தண்ணீர் தோளுக்கு இறங்கவில்லை. ஆவி. கண்ணாடி மூடிக்கொண்டது. கழற்றி எறிந்தான். லாரி. பஸ். கை காட்டினான். எவரும் நிறுத்தவில்லை. கூப்பிட வாயைத் திறந்தான். வாயிலிருந்தும் ஆவி.

எழுபத்திரண்டு.

புறங்கையில் ஒரு கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று. தோலுக்கடியில் ஏதோ குமிழியிட்டு நகர்ந்தது. தன் ரத்தம் கொதிக்கும் சத்தம் அவனுக்கே கேட்டது. மெல்ல. அடுப்பிலேற்றிய உலையைப் போல.

எண்பத்தைந்து.

அஞ்சம்மாள் திரும்பி வந்துகொண்டிருந்தாள். இரண்டு கை நிறைய வாழையிலை. நுனி கிழியாத முழு இலைகள்.

பின் கதவை அகலத் திறந்தாள். ஒவ்வோர் இலையாக முந்தானையால் தூசி துடைத்து, சீட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பரப்பினாள். தீப்பட்டவர்களை ஆஸ்பத்திரியில் அப்படித்தான் கிடத்துவார்கள். எங்கும் இடைவெளி விழாமல் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, தலைப்பக்கத்துக்கு மட்டும் இரண்டாக மடித்து வைத்தாள்.

“சட்டைய கழட்டிட்டுப் படுங்கண்ணே. அப்புறம் ஒட்டிக்கினு வராது.”

குமரேசன் முதல் பொத்தானைக் கழற்றினான். இரண்டாவது பொத்தானை இழுத்தபோது சட்டையோடு மார்புத் தோலும் வந்தது. அவன் அலறியது ரோட்டில் யாருக்கும் கேட்கவில்லை. அஞ்சம்மாள் கதவைப் பிடித்தபடி, காற்றில் புரண்ட ஓர் இலையை உள்ளங்கையால் நீவிச் சரிசெய்துகொண்டு, அவனுக்காகக் காத்திருந்தாள்.